பறவை, பெட்டி, படிமம்: ஒரு பொருள் எப்போது கலைப்படைப்பாகிறது?

1926 அக்டோபரில் ‘பாரிஸ்’ என்ற பயணிக் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது, அதில் வந்திருந்த சிற்பங்களுள் ஒன்று சுங்க அதிகாரிகளுக்குப் புதிராக இருந்தது. ஏறத்தாழ நாலரை அடி உயரம்; அடியில் ஒடுங்கி, நடுவில் மெல்லப் பருத்து, உச்சியில் சாய்வாக முடியும் ஒற்றை வடிவம்; முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றப்பட்ட வெண்கலம். தலையோ சிறகோ அலகோ அதில் இல்லை. பாரிஸ் நகரில் வாழ்ந்த ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குஷி அதைப் பறவை என்றார். இன்று அது ‘வானவெளியில் பறவை’ என்ற பெயரால் அறியப்படுகிறது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி சிற்பங்களுக்குச் சுங்கவரி கிடையாது. உலோகத்தால் செய்த மற்றப் பண்டங்களுக்கு மதிப்பில் 40 விழுக்காடு வரி உண்டு. அதிகாரிகள் அந்தப் பொருளைச் சிற்பமென்று ஏற்க மறுத்து, சமையல் பாத்திரங்களும் மருத்துவமனைச் சாதனங்களும் அடங்கிய பிரிவில் சேர்த்து வரி விதித்தார்கள். தாங்கள் கலந்தாலோசித்த கலைத்துறையினருள் ஒருவர், ‘இது கலை என்றால் இனிமேல் நான் கொத்தனார்’ என்று சொன்னதையும் சுங்கத்துறை தன் பக்கச் சான்றாகப் பத்திரிகைகளுக்குத் தெரிவித்தது.

அந்தச் சிற்பத்தை வாங்கியிருந்தவர் எட்வர்ட் ஸ்டைகன் என்ற புகைப்படக் கலைஞர். வரியை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. செலவை ஏற்றவர் தாமும் சிற்பியான கெர்ட்ரூட் வான்டர்பில்ட் விட்னி. ‘பிரான்குஷி எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்ற அந்த வழக்கின் விசாரணை 1927 அக்டோபரில் தொடங்கி, 1928 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கலை என்றால் என்ன என்று பிளேட்டோ காலம் தொட்டுக் கேட்டு வருகிறார்கள். தத்துவ ஆசிரியர் ஒருவர் இக்கேள்விக்கு விடை சொல்லாமலே நூல் ஒன்றை முடித்துவிடலாம். நீதிபதிக்கு அந்த வசதி இல்லை. வரி உண்டு அல்லது இல்லை என்று அவர் சொல்லியாக வேண்டும். ஆகவே நூல்களில் பூசி மெழுகப்படும் பிளவுகள் எல்லாம் அந்த நீதிமன்றத்தில் வெளிப்படையாகத் தெரிந்தன.

அரசுத் தரப்புக்குக் கையில் ஒரு முன்தீர்ப்பு இருந்தது. 1916இல், பளிங்கில் செதுக்கிய நீர்த்தொட்டியும் இருக்கைகளும் தொடர்பான ஒலிவோட்டி வழக்கில், சிற்பம் என்பது இயற்கைப் பொருள்களை, முதன்மையாக மனித உருவத்தை, அவற்றின் உண்மையான அளவு விகிதங்களில் பிரதி செய்வது என்று நீதிமன்றம் வரையறுத்திருந்தது. கலை என்பது போலச்செய்தல் என்னும் கிரேக்கக் கொள்கை இருபதாம் நூற்றாண்டில் ஒரு சுங்க விதியாக வந்து நின்ற இடம் அது. இவ்வரையறையை அப்படியே பொருத்தினால் பிரான்குஷியின் பறவைக்குத் தப்பிக்க வழியே இல்லை. எனவே நீதிபதிகள் சாட்சிகளிடம் கேட்ட முதற்கேள்விகள் ஒப்புமையைப் பற்றியனவாகவே இருந்தன.

இது உங்களுக்குப் பறவை போலத் தெரிகிறதா என்று நீதிபதி வெய்ட் ஸ்டைகனிடம் கேட்டார். பறவை போலத் தெரியவில்லை, ஆனால் பறவை என்று உணர்கிறேன், சிற்பி அப்படித்தான் குறித்திருக்கிறார் என்பது விடை. சிற்பி பறவை என்று அழைத்ததாலேயே அது உமக்குப் பறவையாகிவிடுமா என்று மறுகேள்வி வந்தது. ஆம் என்றார் ஸ்டைகன். தெருவில் பார்த்திருந்தால் இதைப் பறவை என்று சொல்லியிருப்பீரா என்று கேட்கப்பட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. உடனிருந்த நீதிபதி யங், காட்டில் இதைக் கண்டிருந்தால் சுட்டிருக்க மாட்டீர் அல்லவா என்று கேட்க, மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

இந்தக் குறுக்கு விசாரணையைப் பின்னாளில் எழுதிய பலர் நவீனக் கலை புரியாதவர்களின் அறியாமை என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரிட்டதாலேயே ஒன்று பறவையாகிவிடும் என்றால், எந்த உலோகத் துண்டையும் எவரும் எதுவாகவும் ஆக்கிவிடலாம் என்ற முடிவுக்குத்தான் வந்து சேர்வோம். நீதிபதிகள் தொட்ட இடம் அதுதான். உண்மையில் வாதித் தரப்பு தன் வழக்கை வென்றது ஒப்புமையைக் காப்பாற்ற முயன்றதால் அல்ல, அதைக் கைவிட்டதால். பறவை போல இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து, இதை யார் எப்படிச் செய்தார் என்ற கேள்விக்கும், இத்தகையதைக் கலையென்று கொள்வோர் இருக்கிறார்களா என்ற கேள்விக்கும் விவாதத்தை அவர்கள் நகர்த்தினார்கள்.

இவற்றுள் முதலாவதை விளக்கியவர் ஜேக்கப் எப்ஸ்டீன் என்ற சிற்பி. நன்றாக மெருகேற்றி அழகாக வளைத்த ஒரு பித்தளைக் கம்பியும் கலைப்படைப்பு ஆகுமா, அதை நல்ல தொழிலாளி ஒருவரே செய்துவிட முடியாதா என்று அரசு வழக்கறிஞர் மடக்கினார். தொழிலாளி மெருகேற்றலாம், ஆனால் அந்த வளைவுகளை அவரால் மனத்தில் கருக்கொள்ள முடியாது, வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்றார் எப்ஸ்டீன். பிரான்குஷியோ பாரிஸில் அளித்த வாக்குமூலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றை வலியுறுத்தினார். வார்ப்பில் விழுந்த காற்றுத் துளைகளையும் மணல் துளைகளையும் அடைத்தது, அரத்தாலும் மிக நுண்ணிய உப்புத்தாளாலும் தேய்த்தது, எல்லாவற்றையும் தாமே கையால் செய்ததாகவும், வேறு எவரையும் அந்த வேலையைத் தொட விடவில்லை என்றும் அவர் சொன்னார். ஒருவர் கருத்தைக் கலையின் இருப்பிடமாகக் காட்ட, இன்னொருவர் கையைக் காட்டுகிறார். இருவரும் ஒரே தரப்புச் சாட்சிகள். சட்டம் ‘தொழில்முறைச் சிற்பியின் அசல் படைப்பு’ என்று கேட்டதால் இரண்டும் வழக்குக்குப் பயன்பட்டன. தத்துவத்தில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இணக்கமானவை அல்ல.

எப்ஸ்டீன் செய்த இன்னொரு செயல் இதைவிட முக்கியமானது. தம்மிடமிருந்த பழைய எகிப்தியக் கற்சிற்பம் ஒன்றை, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பருந்தை, அவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அதிலும் இறகுகள் செதுக்கப்படவில்லை, கால்கள் தெரியவில்லை. ஆனாலும் அதைச் சிற்பமன்று என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். பிரான்குஷி செய்வது புதிதன்று, மிகப் பழைய ஒரு வழியின் தொடர்ச்சி என்பதே அந்தச் சான்றின் பொருள். 1979இல் ஜெரால்ட் லெவின்சன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர், முன்பே கலையாக ஏற்கப்பட்டவற்றை எப்படிப் பார்த்தோமோ அப்படிப் பார்க்கப்படவேண்டும் என்ற நோக்கத்தோடு முன்வைக்கப்படுவதே கலைப்படைப்பு என்று ஒரு வரையறை தந்தார். எப்ஸ்டீனின் பருந்து அந்த வரையறையை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தடயப் பொருளாக மேசைமேல் வைத்துவிட்டது என்று சொல்லலாம். அந்தப் பருந்து எந்த நோக்கத்துக்காகச் செதுக்கப்பட்டது, அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவா என்று அரசு வழக்கறிஞர் கேட்டிருந்தால் வாதித் தரப்பு திணறியிருக்கும்.

அரசுத் தரப்பிலும் சிற்பிகள் இருவர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் தாமஸ் ஜோன்ஸ் என்பவர் அந்தப் படைப்பு அளவுக்கு மீறி அருவமானது, சிற்ப வடிவத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்றார். கவனித்தால், இது கலையன்று என்பதற்கும் இது நல்ல கலையன்று என்பதற்கும் இடையே அவர் தடுமாறுவது தெரியும். ஒன்றைத் தவறான சிற்பம் என்று சொல்ல, அது சிற்பம் என்று முதலில் ஏற்றாக வேண்டும். தமிழிலும் ‘இதெல்லாம் ஒரு கவிதையா’ என்று கேட்பவர் பெரும்பாலும் வகையைப் பற்றிப் பேசுவதில்லை, தரத்தைப் பற்றித்தான் பேசுகிறார். கலையின் வரையறை பற்றிய சண்டைகளில் பெரும்பகுதி இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருவது. கலை என்ற சொல் ஒரு வகையின் பெயராகவும் ஒரு பாராட்டாகவும் ஒருசேர வழங்குகிற வரைக்கும் அக்குழப்பம் ஓயப்போவதில்லை.

நீதிபதி வெய்ட் எழுதிய தீர்ப்பு சுருக்கமானது. இயற்கைப் பொருள்களைப் பிரதி செய்யாமல் அருவமான கருத்துகளைக் காட்ட முயலும் ஒரு புதிய கலைப்போக்கு வளர்ந்து வந்திருக்கிறது. அந்தப் புதிய கருத்துகளோடு நமக்கு உடன்பாடு உண்டோ இல்லையோ, அவை இருக்கின்றன என்பதையும் கலையுலகில் அவற்றுக்குள்ள செல்வாக்கையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று அவர் எழுதினார். அந்தப் பொருள் அழகானது, சமச்சீரான கோடுகள் உடையது, பறவையோடு அதைத் தொடர்புபடுத்துவதில் சிரமம் இருந்தாலும் பார்க்க இனியது, முற்றிலும் அலங்காரத்துக்கானது, தொழில்முறைச் சிற்பி ஒருவரின் அசல் படைப்பு. ஆகவே வரி இல்லை. முன்தீர்ப்பின் ஒப்புமை விதி இவ்வாறு ஓசையின்றி விலக்கப்பட்டது. எது கலை என்பதைப் பொருளின் உருவத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காமல், கலையை அறிந்தோர் அதை எப்படி ஏற்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் என்று ஒரு சுங்க நீதிமன்றம் சொன்னது பெரிய நகர்வு. ஆனால் அழகு, அலங்காரம், கைவேலை, பயனின்மை ஆகிய பழைய அளவுகோல்கள் அனைத்தையும் அத்தீர்ப்பு அப்படியே வைத்துக்கொண்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த அளவுகோல்கள் எவ்வளவு குறுகியவை என்பதைக் காட்ட வேறெங்கும் போகவேண்டியதில்லை. பிரான்குஷியின் சிற்பங்களோடு அதே கப்பலில் துணைக்கு வந்தவர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப். 1917 ஏப்ரலில் நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர் சங்கம் நடத்திய கண்காட்சிக்கு, ஆறு டாலர் கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பும் தேர்வுக் குழுவின்றி ஏற்கப்படும் என்ற விதியை நம்பி, ‘ஆர். மட்’ என்ற கையெழுத்திட்ட பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்று ‘நீரூற்று’ என்ற தலைப்பில் வந்து சேர்ந்தது. சங்கத்தின் நிர்வாகிகள் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தார்கள். அதை அனுப்பியவர் அச்சங்கத்தின் நிர்வாகிகளுள் ஒருவராகிய டூஷாம்ப். அவர் பதவி விலகினார். மட் அதைத் தம் கையால் செய்தாரா இல்லையா என்பது பொருட்டன்று, அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று அவர் சார்பில் வெளிவந்த சிற்றிதழ் வாதிட்டது. 1928ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒவ்வோர் அளவுகோலிலும் அந்தப் பீங்கான் தோற்றுப்போகும்: அது சிற்பியின் அசல் வேலை அன்று, அழகுக்காகச் செய்யப்பட்டது அன்று, பயன்பாட்டுப் பொருள் என்பதிலோ ஐயமே இல்லை. சுங்கத்தில் நண்பரின் பறவைக்கு வழி திறந்த அதே விதி டூஷாம்பின் கையிலிருந்த கேள்வியைத் தொடவே இல்லை.

அக்கேள்வியைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஆர்தர் டான்டோ. 1964இல் நியூயார்க்கின் ஸ்டேபிள் காட்சிக்கூடத்தில் ஆன்டி வார்ஹால் என்ற கலைஞர், ‘பிரில்லோ’ என்ற பாத்திரம் துலக்கும் பஞ்சு வரும் அட்டைப்பெட்டிகளைப் போலவே ஒட்டுப்பலகையில் பெட்டிகள் செய்து, அவற்றின்மேல் அதே எழுத்துகளை அச்சிட்டு அடுக்கிவைத்தார். பண்டகசாலையில் இருக்கும் பெட்டி பெட்டிதான், காட்சிக்கூடத்தில் இருப்பதோ கலைப்படைப்பு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்றால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றில்தான் இருக்கவேண்டும் என்றார் டான்டோ. கலைக் கொள்கையின் சூழல், கலை வரலாற்றைப் பற்றிய அறிவு, சுருங்கச் சொன்னால் கலையுலகம் என்பதே அந்த ஒன்று. வெய்ட் தம் தீர்ப்பில் போகிற போக்கில் பயன்படுத்திய அதே கருத்து இங்கே ஒரு கொள்கையின் மையமாகிறது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. கடையில் விற்ற அந்த அசல் பிரில்லோ அட்டைப்பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வி தாமே ஓர் ஓவியர். அருவ வெளிப்பாட்டு வகை ஓவியங்களைத் தீட்டியவர், பிழைப்புக்காக வணிக வடிவமைப்பு செய்தவர். ஆக, கலைஞர் ஒருவர் கருக்கொண்ட அசல் வடிவம் பண்டமாகவும், அதன் பிரதி கலையாகவும் ஆனது. கருக்கொள்ளும் மனமே கலையின் அடையாளம் என்ற எப்ஸ்டீனின் விடை இந்த இடத்தில் உதவாமல் போகிறது. ஹார்வி அதைக் கலையாக முன்வைக்கவில்லை, வார்ஹால் முன்வைத்தார் என்பதைத் தவிர நாம் சொல்லக்கூடியது அதிகமில்லை.

அப்படி முன்வைக்க யாருக்கு அதிகாரம்? ஜார்ஜ் டிக்கி என்ற தத்துவ ஆசிரியர் 1970களில் இதற்கு நிறுவனக் கொள்கை என்ற விடையைத் தந்தார்: கலையுலகம் என்னும் அமைப்பின் சார்பில் செயல்படும் ஒருவர், பாராட்டி நோக்கத்தக்கது என்ற தகுதியை ஒரு செய்பொருளுக்கு வழங்கினால் அது கலைப்படைப்பு. ஆனால் கலையுலகம் என்பது யார் என்று கேட்டால், கலைப்படைப்புகளைச் செய்வோரும் காட்டுவோரும் பார்ப்போரும் என்று விடை சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். டிக்கி இதை மறுக்கவில்லை. 1984இல் கொள்கையைத் திருத்தியபோது அந்த வட்டத்தை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். தகுதி எப்படி வழங்கப்படுகிறது என்பதை இக்கொள்கை ஓரளவு சரியாகவே சொல்கிறது. எதற்காக ஒரு பொருளைத் தேர்ந்து அத்தகுதியை வழங்குகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. காரணம் இருந்தால் அந்தக் காரணமே வரையறையாகிவிடும், காரணம் இல்லையென்றால் தகுதிக்கு மதிப்பில்லை என்ற எதிர்வாதத்துக்கு நிறுவனக் கொள்கையாளர்கள் நிறைவான மறுமொழி தந்ததாக நான் கருதவில்லை. இதற்கும் முன்பே, 1956இல், கலைக்கு எல்லா எடுத்துக்காட்டுகளுக்கும் பொதுவான இயல்பு எதுவும் இல்லை, குடும்ப ஒற்றுமை போன்ற சாயல்களே உண்டு, ஆகவே வரையறுக்க முயல்வதே தவறு என்று தத்துவ ஆசிரியர் மாரிஸ் வைட்ஸ் சொல்லியிருந்தார். அது கருத்தரங்கில் செல்லும். சுங்கச் சாவடியில் செல்லாது.

கலையுலகம் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. 1965இல் டொராண்டோவைச் சேர்ந்த கலை விற்பனையாளர் ஒருவர் வார்ஹாலின் பெட்டிகளைக் கண்காட்சிக்காகக் கனடாவுக்கு வரவழைத்தபோது, அவை அசல் சிற்பங்கள்தாமா என்று சுங்கத்துறை கேட்டது. அல்ல என்று சொன்னவர் கனடா தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநர் சார்ல்ஸ் கம்ஃபர்ட். நியூயார்க்கின் கலையுலகம் வழங்கிய தகுதியை, கனடாவின் தலைநகர் ஒட்டாவாவின் கலையுலகம் பறித்தது. நிறுவனக் கொள்கை இதில் யார் பக்கம் நிற்கும்?

2010இல் ஐரோப்பிய ஆணையம் செய்தது இன்னும் நுட்பமானது. வெறும் ஒளிக்குழாய்களையும் அவற்றின் சட்டங்களையும் கொண்டு படைப்புகள் அமைத்த டான் ஃப்ளேவினின் ஆக்கம் ஒன்றையும், காணொளிப் படைப்புகள் செய்யும் பில் வயோலாவின் ஆக்கம் ஒன்றையும் லண்டன் காட்சிக்கூடம் ஒன்று இறக்குமதி செய்திருந்தது. அவை சிற்பங்களே என்று 2008இல் பிரிட்டனின் வரித் தீர்ப்பாயம் சொன்னது. ஆணையமோ அதைப் பொருட்படுத்தாமல் ஒரு வகைப்பாட்டு விதி இயற்றி, ஒளிக்குழாய்த் தொகுதியை மின்விளக்குச் சாதனம் என்றது. அதற்குச் சொன்ன காரணம், கலைப்படைப்பு அந்தச் சாதனத் தொகுதி அன்று, அது இயங்கும்போது தோன்றும் ஒளி விளைவே என்பதாகும். வரியைக் கூட்டுவதற்காகச் சொல்லப்பட்டது என்று கலை ஆர்வலர்கள் சினந்தது இயல்பே. ஆனாலும் அந்தக் காரணத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால், கலை என்பது பொருளா, பொருள் இயங்கும் நிகழ்வா என்ற மெய்யான கேள்வி அதில் இருக்கிறது. அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் நெல்சன் குட்மன் 1970களிலேயே, எது கலை என்று கேட்பதைவிட எப்போது கலை என்று கேட்பது பொருத்தம் என்றார். ரெம்ப்ராண்டின் ஓவியத்தை உடைந்த சன்னலை அடைக்கப் பயன்படுத்தினால் அந்த நேரத்தில் அது கலையாகச் செயல்படுவதில்லை. சாதாரணக் கல் ஒன்று அருங்காட்சியகத்தில் கவனித்துப் பார்க்கப்படும்போது அவ்வாறு செயல்படக்கூடும்.

இதுவரை நான் ஒதுக்கிவைத்த அளவுகோல் பயனின்மை. அமெரிக்காவின் 1922ஆம் ஆண்டுச் சட்டம், ஓவியம், சிற்பம் என்ற சொற்கள் பயன்பாட்டுப் பொருள்களைக் குறிக்கமாட்டா என்று வெளிப்படையாகவே சொன்னது. பிரான்குஷி வழக்கில் இதை எந்தத் தரப்பும் கேள்விக்குள்ளாக்கவில்லை; இரு தரப்பும் அதைத் தெளிந்த உண்மையாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் இந்த எண்ணத்துக்கு வயது குறைவு. இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவற்றை இன்பம் தரும் நுண்கலைகள் என்று ஒரு தொகுதியாக்கி மற்றத் தொழில்களிலிருந்து பிரித்த பிரெஞ்சு நூலாசிரியர் பத்தோ எழுதியது 1746இல். பயன் கருதாத நோக்கே அழகுணர்வின் இயல்பு என்று ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் கான்ட் நிறுவியது 1790இல். ஐரோப்பாவிலும் அதற்கு முன் நெடுங்காலம் சிற்பியும் தச்சரும் ஒரே மாதிரியான கைவினைஞர் குழுமங்களில்தான் இருந்தார்கள்.

நியூயார்க்கில் இவ்வழக்கு நடந்த அந்த நாள்களில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1917 முதல் பணியாற்றி வந்த ஆனந்த குமாரசுவாமி இதற்கு முற்றிலும் எதிரான நிலையில் நின்றார். கொழும்பில் பிறந்த அவர், முத்துக் குமாரசுவாமி என்ற ஈழத்தமிழரின் மகன். அருங்காட்சியகத்தில் நாம் வியந்து பார்க்கும் பழைய பொருள்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டவை, அப்பயனிலிருந்து பிரித்து அழகை மட்டும் நுகர்வது நவீன காலத்தின் பிறழ்ச்சி என்று அவர் தொடர்ந்து எழுதினார். கலைஞன் ஒரு தனிவகை மனிதன் அல்லன், ஒவ்வொரு மனிதனும் ஒரு தனிவகைக் கலைஞன் என்ற அவருடைய வாசகம் புகழ்பெற்றது. ‘தொழில்முறைச் சிற்பி’, ‘பயன்பாட்டுப் பொருள் அன்று’ என்ற சுங்கச் சட்டத்தின் இரண்டு தூண்களையும் அந்த ஒரு வாசகம் அசைத்துவிடும். அவரைச் சாட்சியாக அழைத்திருந்தால் வாதித் தரப்பு தோற்றுப்போயிருக்கக் கூடும்.

சோழர் காலப் படிமங்களை இந்த அளவுகோலின்முன் நிறுத்திப் பார்த்தால் அதன் குறுக்கம் தெளிவாகும். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுச் சிற்பி ஆகுஸ்த் ரோதான் எழுதிய பரவசமான குறிப்புகள் 1921இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தன. ரோதான் அவற்றில் கண்டது உடலின் வளைவுகள், ஒளியும் நிழலும், உயிர்த்துடிப்பு. அந்தப் படிமத்தை வார்த்தவரோ, வணங்கியவரோ அதை அப்படிப் பார்த்திருக்க வேண்டிய தேவை இல்லை. அது திருமேனி, நீராட்டவும் உடுத்தவும் திருவிழாவில் எழுந்தருளச் செய்யவும் உரியது. சிற்பி ஆற அமர இழைத்துத் தீர்த்த உடலின் பெரும்பகுதி பட்டாலும் மாலைகளாலும் மூடப்பட்டே மக்கள் கண்ணில் படும். பயனின்மையைக் கலையின் இலக்கணமாகக் கொண்டால், இந்தியாவின் மிகச் சிறந்த உலோகச் சிற்பங்கள் தம் இடத்தில் இருக்கும் வரை கலை அல்ல, பெயர்த்து எடுக்கப்பட்ட பிறகே கலை என்றாகிவிடும்.

டான்டோவின் பெட்டிகள் எழுப்பிய புதிர் இந்த மரபுக்குப் புதிதும் அன்று. சுவாமிமலையில் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து உலோகம் ஊற்றும் ஸ்தபதிகள், ஒரே அளவில், தெய்வ உருவை வருணிக்கும் ஒரே தியான சுலோகத்தின்படி இரண்டு நடராஜர்களை வார்க்கிறார்கள் என்று கொள்வோம். ஒன்று கண் திறந்து, குடமுழுக்குக் கண்டு கோயிலுக்குப் போகிறது. மற்றொன்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று யாரோ ஒருவருடைய வரவேற்பறைக்குப் போகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சடங்குக்குள் இருப்பவர்களுக்கு வேறுபாடு ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் டிக்கியின் கலையுலகத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: யார் செய்யலாம், எந்த முறையில், எதற்காக என்பதெல்லாம் ஆகமங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தகுதி வழங்குவதற்குக் காரணமும் அதிகாரமும் முறையும் வெளிப்படையாக இருக்கும் ஓர் அமைப்பை வைத்துப் பார்க்கும்போதுதான், அவை எதுவும் வெளிப்படையாக இல்லாத அமைப்பின் குறை முழுதாகத் தெரிகிறது.

இவ்விரண்டு தகுதிகளும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்ட நிகழ்வும் உண்டு. பழைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூரில் 1976இல் பாழடைந்த சிவன் கோயிலருகே மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர் படிமம் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1982இல் அதைக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கி, பழுதுபார்ப்பதற்காக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தபோது லண்டன் காவல்துறை கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டுமல்லாமல், கோயிலும் அதன் சிவலிங்கமும் உரிமை கோரும் தரப்புகளாக நின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி நிபுணர் சாட்சியாக, அதே ஊரில் கிடைத்த மற்றப் படிமங்களோடு அதன் உறவை விளக்கினார். 1988இல் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்து, தன் நாட்டுச் சட்டப்படி வழக்காடும் தகுதியுள்ள கோயில் இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்றது. படிமம் அவ்வாண்டே திரும்பியது.

அந்த வழக்கில் இது கலையா என்று எவரும் கேட்கவில்லை. கலையாக இருந்ததால்தான் அதற்கு விலை இருந்தது, விலை இருந்ததால்தான் அது லண்டன் வரை போனது. ஆனால் தீர்ப்பை முடிவு செய்தது அந்தத் தகுதி அன்று. நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தபோதும் அதன் கோயிலுறவு அறுந்துபோகவில்லை என்பதே முடிவு செய்தது. 1928இல் பயன்பாடு இல்லை என்பது ஒரு சிற்பத்தைக் காப்பாற்றியது. 1991இல் பயன்பாடு உண்டு என்பது இன்னொன்றைக் காப்பாற்றியது. திரும்பி வந்த நடராஜர், திருட்டு அச்சத்தால், பத்தூருக்குப் போகாமல் திருவாரூர் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். ரோதானைப் போல ஒருவர் வியந்து பார்க்கவும் அங்கே வழியில்லை, ஊரார் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோகவும் வழியில்லை. எப்போது கலை என்ற குட்மனின் கேள்வியை அந்தப் பூட்டிய அறையில் கேட்டால் இப்போது இல்லை என்பதே விடையாகும். எப்போது திருமேனி என்று ஊரார் கேட்டால் அதற்கு ஆகமம் சொல்லும் விடை வேறு.